ஃபைபர் ஜாயின்ட்டுக்கு மார்க் போடுவது எப்படி?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த தம்பி மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கேபிளை உரித்தாராம். சின்னப் பெட்டி ஒன்றுக்குள் இரண்டு இழைகளை வைத்து மூடியதும் உள்ளே ஏதோ பளிச்சென்று மின்னியதாம். அப்புறம் இன்னொரு கருவியைச் செருகிப் பார்த்து, "மைனஸ் இருபத்தொண்ணு வருது மேடம், சூப்பர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். வாசகிக்கு இரண்டு சந்தேகங்கள். மைனஸில் வருவது எப்படி சூப்பர் ஆகும்? அவர் போட்ட ஜாயின்ட் கண்ணுக்கே தெரியவில்லை, இவர்களுக்குப் பரீட்சை வைப்பவர்கள் எதைப் பார்த்து மார்க் போடுகிறார்கள்?

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுவோம்.

பவர் மீட்டர் காட்டும் அளவு டிபிஎம். 1 மில்லிவாட் ஒளி வந்தால் 0. அதிலிருந்து 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதி, 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 21 என்றால் ஏறத்தாழ 8 மைக்ரோவாட். எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும்போது 2, 3 மில்லிவாட் இருந்த ஒளி, தெருமுனையில் ஸ்பிளிட்டரில் 32 வீடுகளுக்குப் பிரிகிறது. பிரிவதிலேயே 15 டெசிபல் போய்விடும், நடைமுறையில் 17 வரை போகும். மிச்சம் கேபிளிலும் இணைப்புகளிலும் கரைகிறது. பரவலாகப் புழங்கும் ஜிபான் வகை மோடம் மைனஸ் 27 வரை, அதாவது 2 மைக்ரோவாட் வந்தாலும் வேலை செய்யும். மைனஸ் 21 வந்தால் 6 டெசிபல் கையிருப்பு. நாளை எலி கடித்து இன்னொரு ஜாயின்ட் போட நேர்ந்தாலும், அலமாரிக்குப் பின்னால் கேபிள் கொஞ்சம் மடங்கினாலும், ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரியாமல் ஓடும். ஆக, அந்தத் தம்பி சொன்னது சரிதான்.

ஆனால் அந்த எண் முழு வழிக்கும் சேர்த்துச் சொல்லும் கூட்டுத்தொகை. அதில் இவருடைய ஜாயின்ட்டின் பங்கு எவ்வளவு என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒளியை இழைக்குள்ளேயே வைத்திருக்கும் முழு அக எதிரொளிப்பு பள்ளியிலேயே படித்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். கண்ணாடி இழையின் மொத்த விட்டம் 125 மைக்ரோமீட்டர். ஒளி ஓடும் நடுக்கரு ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர். இரண்டு இழைகளை ஒட்டும்போது கருவும் கருவும் ஒரே ஒரு மைக்ரோமீட்டர் விலகினாலே சுமார் 0.2 டெசிபல் போய்விடும். இந்த நேர்ப்படுத்தலைக் கையால் செய்ய முடியாது, ஸ்பிளைசிங் மிஷின்தான் செய்கிறது. இரண்டு திசைகளிலிருந்து கேமரா பார்க்கிறது, மோட்டார் நகர்த்துகிறது, இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்வில் பாய்ந்து கண்ணாடி உருகி ஒன்றாகிறது.

அப்படியானால் மனிதருக்கு என்ன வேலை? மிஷினுக்குள் வைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள எல்லாமே. மேற்பூச்சை உரிப்பது, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது, கிளீவரில் வைத்து முனையை முறிப்பது. முறிப்பது என்றுதான் சொல்ல வேண்டும். கிளீவரின் பிளேடு இழையை அறுப்பதில்லை, மேலே நுண்ணிய கீறல் ஒன்றை மட்டும் போடுகிறது. இழுவிசையில் அந்தக் கீறல் விரிசலாக ஓடி, மறுபக்கம் வரை கண்ணாடி போல வழவழப்பான முகத்தை விட்டுச் செல்கிறது. இழை கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தால் முகம் சாய்ந்துவிடும். 1 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலே கவனம் தேவை. பயிற்சிக்கு வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுகூட இல்லை. ஜாயின்ட்டின் மேல் மூடிச் சுருக்க வேண்டிய ஸ்லீவை ஒட்டுவதற்கு முன்பே இழையில் கோக்க மறந்துவிடுவார்கள். ஒட்டிய பிறகு அதை நுழைக்க வழியே கிடையாது, வெட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஆயுத பூஜையன்று ஸ்பிளைசிங் மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். மூடியின் மேல் வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இழை படுக்கும் வி-வடிவப் பள்ளத்தில் ஒரு துகள் விழுந்தால் மறுநாள் ஒரு ஜாயின்ட்டும் நேராக வராது, அப்போது "மிஷினுக்குக் கண்ணுபட்டுடுச்சு" என்று எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்புவதுதான் பிரச்சினை. ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் போதும்.

ஒட்டி முடித்ததும் மிஷின் திரையில் "0.02 டிபி", அதாவது டெசிபல், என்று ஒரு எண் காட்டும். அது அளந்து வந்ததல்ல, கேமராப் படத்தைப் பார்த்து மிஷின் போடும் மதிப்பீடு. படத்தில் தெரியாத கோளாறு கணக்கிலும் வராது. பரீட்சையில் அந்த எண்ணை மட்டும் வைத்து மார்க் போட்டால், மாணவர் கொடுத்த விடைத்தாளை மாணவரே திருத்திய கதைதான். அதனால் இழையைச் சோதிக்கும் ஓடிடிஆர் என்ற கருவி வருகிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தக் கருவிக்காகத்தான்.

ஓடிடிஆர் இழையின் ஒரு முனையில் மட்டும் செருகப்படும். அங்கிருந்தபடியே 7.3 கிலோமீட்டரில் ஒரு மோசமான ஜாயின்ட், 9.1 கிலோமீட்டரில் கேபிள் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். யாரும் மறுமுனைக்குப் போகவில்லை, குழி தோண்டவில்லை. எப்படி?

கண்ணாடி இழை சுமார் 2000 டிகிரி வெப்பத்தில் இழுக்கப்பட்டு விரைவில் குளிர்கிறது. உருகிய நிலையில் அலைந்துகொண்டிருந்த மூலக்கூறுகள் அலைந்த இடத்திலேயே உறைந்துவிடுகின்றன. ஒரு புள்ளியில் இம்மியளவு நெருக்கம், பக்கத்துப் புள்ளியில் இம்மியளவு கலைவு. எவ்வளவு சுத்தமான கண்ணாடியிலும் இது இருக்கும், நீக்கவே முடியாது. இந்தச் சமமின்மையில் பட்டு ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதற்குக் காரணமான அதே ராலே சிதறல்தான். அலைநீளம் கூடக்கூட, அதன் நான்காம் அடுக்கில் சிதறல் குறையும். கேபிளில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, 1310, 1490, 1550 நானோமீட்டர்களில் அனுப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு வந்த வழியே திரும்புகிறது. மார்கழிப் பனியில் ஹை-பீம் போட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், வெளிச்சம் எதிரே எதன் மீதும் மோதாமலேயே பனியின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் கண்ணுக்குத் திரும்பி வரும். இழைக்குள்ளும் அதே கதை. 10 நானோவிநாடி நீளமுள்ள ஒரு துடிப்பை அனுப்பினால், எந்த ஒரு கணத்திலும் திரும்பி வருவது அனுப்பியதில் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். கருவி விட்டுவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பிச் சராசரி எடுக்கிறது. கண்ணாடியில் ஒளி ஒரு நானோவிநாடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும். 10 மைக்ரோவிநாடி கழித்து வந்த ஒளி ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பியது, 20 மைக்ரோவிநாடி கழித்து வந்தது இரண்டு கிலோமீட்டர். நேரத்தைத் தூரமாக மாற்றி வரைந்தால் திரையில் இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அந்தச் சரிவுதான் கேபிளின் இயல்பான இழப்பு, 1310-இல் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபல், 1550-இல் 0.2. ஜாயின்ட் இருக்கும் இடத்தில் கோடு ஒரு படி இறங்கும். கனெக்டர் இருந்தால் ஊசிபோல் எழும்பி இறங்கும். இழை முடிந்த இடத்துக்கு அப்பால் வெறும் இரைச்சல்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ஒளியைத் தின்னும் குறையே அளக்கும் கருவியாகவும் ஆகிவிடுவது. சிதறலே இல்லாத இழையை யாராவது செய்துவிட்டால் அதை ஓடிடிஆரால் பார்க்கவே முடியாது.

சிதறல் என்றதும் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனைச் சொல்லாமல் போக முடியாது. அவர் 1928-இல் கண்டது நிறம் மாறிச் சிதறும் ஒளி. கண்ணாடி இழைக்குள்ளும் அது உண்டு, அதன் வலிமை வெப்பநிலையைப் பொறுத்து மாறும். சுரங்கப்பாதை நெடுகிலும் எங்கே சூடாகிறது என்று ஒரே இழையை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. ராமன் எளிய கருவிகளை வைத்துச் சாதித்தார் என்பதை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம், அதையே சாக்காக வைத்து ஆய்வகங்களுக்கு எளிய தொகைகளையும் ஒதுக்குகிறோம். நம் கேபிள்காரர்களின் பையில் இருக்கும் ஸ்பிளைசிங் மிஷின்களில் பெரும்பாலும் ஜப்பான், கொரியா, சீனப் பெயர்கள்தான்.

சரி, பரீட்சைக்கு வருவோம். தேர்வாளர் ஒரு ஜாயின்ட் டிரேயில் வேண்டுமென்றே ஓர் இழையை இறுக்கி மடக்கி வைத்துவிட்டு, "இங்கே லாஸ் இருக்கிறது, ஜாயின்ட் கோளாறா, மடிப்பா?" என்று கேட்கலாம். ஒரு படியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தெரிந்த மாணவர் 1310-இலும் 1550-இலும் தனித்தனியாக அளப்பார். மடிப்பு நீண்ட அலையைத்தான் அதிகம் கசியவிடும். 1550-இல் படி பெரிதாகவும் 1310-இல் சிறிதாகவும் வந்தால் அது மடிப்பு. இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஜாயின்ட்டைத் திரும்பப் போட வேண்டும்.

இதைவிட அழகான சிக்கல் ஒன்று உண்டு. சில ஜாயின்ட்டுகளில் கோடு இறங்காமல் மேலே ஏறும்! ஜாயின்ட்டைத் தாண்டியதும் ஒளி கூடிவிட்டது என்று அர்த்தமா? புதிதாகப் படிப்பவர்களில் சிலர் இதைப் பார்த்து "லாஸே இல்லை சார், கெயின் வருது" என்று சந்தோஷப்படுவார்கள். ஒட்டிய இடத்தில் ஒளி பெருகுவது ஆற்றல் அழியாமை விதிக்கே விரோதம். நடப்பது வேறு. ஓடிடிஆர் பார்ப்பது போகும் ஒளியை அல்ல, திரும்பி வரும் சிதறலை. திரும்புவதில் எவ்வளவு இழைக்குள் பிடிபடும் என்பது அந்த இழையில் ஒளி எவ்வளவு அகலமாகப் பரந்து ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அகலம் குறைந்த இழை சிதறலை அதிகம் பிடித்துத் திருப்பும்.

தெருக் கேபிளில் இருப்பது பெரும்பாலும் ஜி.652 வகை இழை. கட்டடத்துக்குள் சுவர் மூலைகளில் வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் வளைவு தாங்கும் ஜி.657 வகையைப் போடுகிறார்கள், அதில் ஒரு பிரிவு 7.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தாலும் தாங்கும். இந்த வகையில் ஒளியின் அகலம் பல சமயம் சற்றுக் குறைவு. ஆக, தெரு இழை வீட்டு இழையைச் சந்திக்கும் இடத்தில்தான், அதாவது நம் டெக்னீஷியன் உட்கார்ந்து போடும் ஜாயின்ட்டில்தான், இந்தப் பொய்யான ஏற்றம் வர வாய்ப்பு அதிகம். தெருப்பக்கமிருந்து அளந்தால் 0.2 டெசிபல் ஏறியதுபோல் தெரியும். வீட்டுப்பக்கமிருந்து அளந்தால் அதே ஜாயின்ட் 0.3 டெசிபல் இழப்பாகத் தெரியும். இரண்டுமே உண்மை இல்லை. குறியோடு கூட்டி இரண்டால் வகுத்தால் 0.05, அதுதான் அசல் இழப்பு. ஒரு பக்கம் மட்டும் அளந்து மார்க் போட்டால் ஒருவருக்கு வராத பெருமை கிடைக்கும், இன்னொருவர் நல்ல ஜாயின்ட் போட்டும் தோற்பார்.

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறைத் திறன் கவுன்சில் ஆப்டிகல் ஃபைபர் ஸ்பிளைசர், ஆப்டிகல் ஃபைபர் டெக்னீஷியன் என்று தனித்தனிப் பணிகளுக்குத் தரம் வகுத்திருக்கிறது. பயிற்சி கொடுத்தவரே மதிப்பிடக் கூடாது, வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வர வேண்டும் என்பது ஏற்பாடு. பல வருடம் வேலை செய்து கற்றவர்களுக்கு வகுப்பில்லாமல் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பதிவு பெறாத ஒருவர், பதிவு பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல், வாடிக்கையாளர் வீட்டுக்குள் தொலைபேசிக் கேபிள் வேலை செய்யக் கூடாது. நம்மூரில் மின்சார வேலைக்கு வயர்மேனிடம் லைசென்ஸ் கேட்பவர்கள்கூட ஃபைபர்காரரிடம் எதையும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் திட்டத்தை மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட் எடுத்துச் செய்கிறது. கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புத் தரத்தை வைத்து நட்சத்திரம் கொடுக்கும் விதிமுறையை 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது. நட்சத்திரம் எத்தனை கொடுத்தாலும் கடைசி இருபது மீட்டரை இழுப்பது ஒரு மனிதர்தான். பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தைச் சான்றிதழ் எண்ணிக்கையை வைத்து அளப்பதை நிறுத்தி, ஒரு மாணவர் எத்தனை இழை முறித்தார் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இழை மலிவு. மிஷினும் ஓடிடிஆரும்தான் விலை. ஒரே மிஷினைச் சுற்றி முப்பது பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் கற்றுக்கொள்வது மிஷினைப் பிடித்திருக்கும் ஒருவர் மட்டுமே.

பாதுகாப்புக்கும் மார்க் உண்டு, இருக்கவும் வேண்டும். முறித்த துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடாமல் மேசையில் விட்டால் அவை தோலுக்குள் ஏறிவிடும், எக்ஸ்-ரேயிலும் எளிதில் தெரியாது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் "லைட் வருதா" என்று இழை முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது.

வகுப்பறையில் கற்ற ஓடிடிஆர் பாடம் ஓடுகிற இணைப்பில் அப்படியே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்து துடிப்பை அனுப்பினால் அது ஸ்பிளிட்டரில் 32 கிளைகளாகப் பிரிந்து, அத்தனை வீடுகளின் சிதறலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து திரும்பும், எந்தப் படி யார் வீட்டுடையது என்று பிரிக்க முடியாது. அதனால் கோளாறுள்ள வீட்டிலிருந்து தெருவை நோக்கி அளக்கிறார்கள். அப்போதும் 1310 ஒளியை அனுப்பக் கூடாது, அது மற்ற 31 வீடுகளின் பேச்சில் குறுக்கிடும். அதற்காகவே 1625 அல்லது 1650 நானோமீட்டரில் அளக்கும் ஓடிடிஆர்கள் வருகின்றன. திருப்பூரில் அந்தத் தம்பியின் பையில் அது இருக்க வாய்ப்பு குறைவு, புகார் போனால் அடுத்து வருகிறவர் கொண்டுவருவார்.