ஈசானி மூலையில் போர், வாயு மூலையில் செப்டிக் டேங்க்

சென்னைக் கடலோரம் ஈஞ்சம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "போர் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, வாடையும் இல்லை. பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் என்ன, காய்ச்சிக் குடித்தால் போதாதா?"

செப்டிக் டேங்க் செய்வது பாதி வேலைதான். கசடு அடியில் தங்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா அதில் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை லாரி வந்து உறிஞ்சிப் போகும். மேலே நிற்கும் நீர், உறை இறக்கிய சோக் பிட் (உறிஞ்சுகுழி) வழியாக மண்ணுக்குள் போகும். சிறுநீரிலிருந்து வந்த நைட்ரஜன் அதில் பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும்.

இனிமேல்தான் சுவாரசியம். அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம், களிமண் துகளின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். அதனால் ஒட்டிக்கொள்ளும், சுலபத்தில் நகராது. ஆனால் பிட்டுக்குக் கீழே காற்றோட்டமுள்ள மண்ணில் வேறு பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியத்தை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரஜன் அதே நைட்ரஜன்தான், மின்னூட்டம் மட்டும் நேரிலிருந்து எதிருக்குப் புரண்டுவிட்டது! இதுவரை பிடித்து வைத்திருந்த மண்ணே இப்போது கைவிட்டுவிடும். நைட்ரேட் நீரோடு நீராக நிலத்தடிக்கு இறங்கும். கிருமிகளில் பெரும்பகுதியை வடிகட்டும் அதே மண்தான் இதைத் தயாரித்தும் அனுப்புகிறது. கடலோர மணலில் களி குறைவு, அம்மோனியத்துக்கே அங்கே பிடிமானம் கம்மி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறிப் பிட்டின் அடியைத் தொட்டால் கதை வேறு. காற்றும் இல்லை, வடிகட்ட ஈரமற்ற மண்ணும் இல்லை; கிருமியே நேராகக் கலக்கும்.

சோக் பிட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி கேட்கிறது இந்தியத் தரநிலை. நம் ஊர் அரை கிரவுண்டு மனை 30க்கு 40 அடி என்றால், மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடி, 15 மீட்டர் சொச்சம்தான். இதில் வாஸ்து வேறு. போர் ஈசானியில் (வடகிழக்கில்), செப்டிக் டேங்க் வாயு மூலையில் (வடமேற்கில்) என்பார்கள். கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் அதே சாஸ்திரத்தைக் கடைப்பிடித்தால், அவருடைய வாயு மூலை உங்கள் ஈசானியை ஒட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் வரும். திசை கேட்க ஆளுக்குப் பணம் கொடுக்கிறோம், டேப் பிடித்துத் தூரம் அளக்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

கேள்விக்கு வருகிறேன். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்பவுடர் கலக்கிக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். ஆர்.ஓ. நைட்ரேட்டைக் குறைக்கும். கரைந்த உப்புகளை மொத்தமாக அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் அதைத் தனியே காட்டாது. லேபில் தண்ணீர் கொடுக்கும்போது நைட்ரேட், ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.