லேமினேட் செய்துவிடாதீர்கள்: வீட்டில் பழைய சினிமாப் போஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய காகிதங்களைச் சீர்செய்வது என் தொழில். கோயில் கணக்குப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் சான்றிதழ் என்று பலதும் வரும். இப்போது சினிமாப் போஸ்டர்களும் பாட்டுப் புத்தகங்களும் நிறைய வருகின்றன. தாத்தாவோ ஆயாவோ காலமான பிறகு, சாட்ஸ்வொர்த், வெருலம், டோங்காட் பக்கத்து வீடுகளில் காரேஜைக் காலி செய்யும்போது ட்ரங்குப் பெட்டியிலிருந்து கிடைப்பவை அவை. கொண்டுவருகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்தத் தாளுக்கு ஏற்கெனவே யாராவது வைத்தியம் பார்த்திருக்கிறார்களா என்பதை. என் மேசைக்கு வரும் மோசமான சேதங்களில் பெரும்பாலானவை, பத்திரப்படுத்தும் ஆசையில் வீட்டாரே செய்தவை.

அதில் முதலிடம் லேமினேஷனுக்கு. சூடான பிளாஸ்டிக் தாளின் இரு பக்கமும் உருகி ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அதைப் பிரிக்க நினைத்தால் மையும் காகித நாரும் சேர்ந்து உரிந்து வரும். உள்ளே இருக்கும் அமிலமோ தன் வேலையை நிறுத்துவதில்லை. போஸ்டர் என்பது சில வாரம் சுவரில் நின்றால் போதும் என்று அச்சிட்ட மலிவான தாள். மரத்தை அரைத்துச் செய்த கூழில், மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். காகிதத்தில் இருக்கும் அமிலம் நாரைத் துண்டு துண்டாக்க, மடிப்பில் தொட்டாலே அப்பளம்போல் நொறுங்கும். பிளாஸ்டிக் உறை இதை எதையும் தடுக்காது.

செல்லோடேப் அடுத்த எதிரி. ஒட்டிய அன்று சுத்தமாகத் தெரியும். சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் பட்டை தானாக உதிர்ந்துபோனாலும் கறை போகாது. கிழிசலை ஒட்ட நாங்கள் மெல்லிய ஜப்பானியக் காகிதமும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் பயன்படுத்துகிறோம். தேவைப்பட்டால் ஈரம் காட்டி அதை எடுத்துவிடலாம். திரும்ப எடுக்க முடியாத எதையும் பழைய தாளில் செய்யக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். ஒரு பிரேம் கடையில் போஸ்டரைச் சூட்டில் அட்டையோடு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. முன்பக்கம் பளபளவென்று இருந்தது. பின்பக்கத்தில் தியேட்டர் முத்திரையும் கையெழுத்தும் இருந்ததாகச் சொன்னார்கள். அதை இனி யாரும் பார்க்கப் போவதில்லை.

நம் ஊரில் பின்பக்கம் மிக முக்கியம். இந்தியா 1946-ல் தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்துக்கொண்டது. அந்தத் தடை நீங்க 1993 ஆனது. நடுவில் நம்மவர்கள் தமிழ்ப் படம் பார்க்காமல் இருக்கவில்லை. கிரே ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட் வட்டாரத்து அவலான், ஷாஜஹான் போன்ற தியேட்டர்கள் குடும்பம் குடும்பமாக நிரம்பின. இன்று அந்தத் தெருக்களுக்கு டாக்டர் யூசுஃப் தாதூ, பெர்த்தா ம்கீசே என்று பெயர் மாறிவிட்டது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ன் குடியிருப்புப் பகுதிச் சட்டம் மக்களை ஊர் ஊராகப் பெயர்த்து எறிந்தபோது வீட்டோடு காகிதங்களும் போயின. இத்தனையும் தாண்டி மிஞ்சிய ஒரு போஸ்டரின் பின்னால் உள்ளூர் முத்திரையோ, பென்சிலில் எழுதிய தேதியோ இருந்தால், அந்தப் படம் இங்கே ஓடியதற்கு அதுவே சாட்சி. சென்னையில் அதே போஸ்டர் கிடைக்கலாம், அந்தச் சாட்சி கிடைக்காது.

சரி, கையில் இருப்பது அசலா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு பூதக்கண்ணாடி போதும். பழைய லித்தோ அச்சில், அதாவது கல்லச்சில், நிறம் கிரேயான் தேய்த்ததுபோல் ஒழுங்கில்லாத பொடியாகத் தெரியும். ஆஃப்செட்டில் சீரான புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். இன்றைய பிரிண்டரில் எடுத்த இன்க்ஜெட் நகலில் புள்ளிகள் தெளித்ததுபோல் சிதறியிருக்கும். அடுத்து, கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரைப் படியுங்கள். போட்டோ எடுத்து மறுபடி அச்சிட்டதில் அந்த எழுத்துகள் மங்கி ஒன்றோடொன்று கலந்திருக்கும். எனக்குப் பிடித்த சோதனை மடிப்புதான். அந்தக் காலத்துப் போஸ்டர்கள் மடித்துத்தான் தியேட்டருக்கு வந்தன. மடிப்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டுப்படவில்லையென்றால், அந்தக் கோடும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது.

புற ஊதா டார்ச் ஒன்றும் உதவும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் பரவலாக வந்தது 1950-களை ஒட்டித்தான். 1930-களின் போஸ்டர் என்று விற்பது இருட்டில் அந்த டார்ச் பட்டு நீலமாக ஒளிர்ந்தால் பணத்தை எடுக்காதீர்கள். அளவையும் பாருங்கள். இந்தியப் போஸ்டர் பெரும்பாலும் 30க்கு 40 அங்குலம். அமெரிக்காவில் ஒன்-ஷீட் என்று சொல்லும் பழைய வழக்கமான போஸ்டர் 27க்கு 41. ஹாலிவுட் பொருள்களில் ஏமாற்று அதிகம், காரணம் பணம். 1931-ல் வந்த டிராகுலா படத்தின் போஸ்டர் ஒன்று 2017-ல் 5,25,800 டாலருக்கு ஏலம் போனது. அந்த வகைத் திகில் பட போஸ்டர்களைப் போலியாகச் செய்து விற்றவர் அமெரிக்காவில் சிறைக்கும் போயிருக்கிறார். இணையத்தில் வாங்கும்போது பின்பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தயங்குகிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

வீட்டில் வைக்கும் விதத்துக்கு வருவோம். டர்பனின் ஈரக் காற்றுதான் இங்கே பெரிய தொல்லை. காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இராமபாணப் பூச்சிக்கும் அந்த ஈரம் பிடிக்கும். காரேஜும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து உயரத்தில், விரித்த நிலையில் வையுங்கள். உறை வாங்கினால் பாலியெஸ்டரில் வாங்குங்கள். மலிவான பிவிசி உறை மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். சுவரில் மாட்ட ஆசையென்றால் நல்ல நகலை மாட்டுங்கள். அசலைத்தான் மாட்ட வேண்டுமென்றால் அமிலமில்லாத அட்டையும், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளியும் இருக்கட்டும், வெயில் படாத சுவராகவும் பாருங்கள்.

டர்பனில் வந்த 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். நனைந்த போஸ்டரை அவசரப்பட்டு விரிக்காதீர்கள், ஈரத் தாள் தன் எடைக்கே கிழியும். வெயிலில் போடவும் வேண்டாம். இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும் என்பதால், உடனே உலர்த்த முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த நிலையில் அது காத்திருக்கும். நிதானமாக ஆள் தேடலாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பாட்டுப் புத்தகங்களைக்கூட இப்படிக் காப்பாற்ற முடிந்திருக்கிறது.

பாட்டுப் புத்தகத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம். போஸ்டரைவிட அதில் நம் வாழ்க்கை அதிகம் ஒட்டியிருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கு அதிகம் போக முடியாதவர்கள் அதை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார்கள், ஓரத்தில் ஆங்கில எழுத்தில் பாட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கிறுக்கலை அழிக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் முடியாது என்றுதான் சொல்கிறேன். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் மட்டும் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

விற்கவோ கொடுக்கவோ முடிவு செய்தால், அதற்கு முன் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, யார் வாங்கியது, எந்த ஊர், எந்தத் தியேட்டர் என்று வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கேட்டுத் தனித் தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். போஸ்டரின் மேலேயே எழுதியாக வேண்டுமென்றால் பின்னால் ஓரத்தில் மென்மையான பென்சிலில் எழுதுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம். வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தையோ டர்பனின் 1860 ஹெரிட்டேஜ் சென்டரையோ கேட்டுப் பார்க்கலாம். கொடுக்கும்போது அந்தத் தனித் தாளையும் கூடவே கொடுங்கள்.