ஒரு மில்லிக்கு 40 சென்: வேப் வரி எதை அளக்கிறது?

2023 மார்ச் 31 அன்று மலேசிய அரசிதழில் சிறிய ஆணை ஒன்று வெளியானது. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் பிடியிலிருந்து, மின்சிகரெட்டில் ஊற்றும் நிகோடின் திரவத்துக்கு விலக்கு. மறுநாள் ஏப்ரல் 1 முதல் அதே திரவத்துக்கு மில்லிலிட்டருக்கு 40 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்) கலால் வரி. நச்சுப் பட்டியலில் உள்ள பொருளை ஊரெங்கும் விற்கவிட்டு வரி வசூலிக்க முடியாது அல்லவா? அதனால் பட்டியலைத் திருத்தினார்கள். நச்சுப்பொருள் வாரியம் எதிர்த்தது. முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் அமைச்சர் கையில் கொடுத்திருந்ததால் எதிர்ப்பு எடுபடவில்லை.

அதுவரை அந்தத் திரவத்தை விற்கச் சட்டப்படி உரிமை இருந்தது என்னைப் போன்ற உரிமம் பெற்ற மருந்தாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டுமே. நாங்கள் யாரும் விற்கவில்லை. எங்கள் மருந்தகத்துக்கு எதிர் வரிசைக் கடை தாராளமாக விற்றது. கிள்ளானில் மட்டும் நடந்த கூத்தல்ல இது. 200 கோடி ரிங்கிட்டுக்கு மேல் புரளும் தொழில் வரியே கட்டாமல் போகிறது, இனி வரி வாங்கி அதில் பாதியைச் சுகாதார அமைச்சுக்குத் தருவோம் என்று பிரதமர் அன்வார் 2023 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் சொன்னபோது, கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் வரி வந்த வேகத்தில் சட்டம் வரவில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேப் விற்பதைத் தடுக்கும் 852ஆவது சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1 அன்றுதான். இடைப்பட்ட 18 மாதங்களில் பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளைக்கு நிகோடின் திரவம் விற்ற கடைக்காரரை எந்தச் சட்டத்தின் கீழ் பிடிப்பது? அதற்கு ஒரு பிரிவும் இருக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் ஒரு தாய் என் மருந்தகத்துக்கு வந்தார். படிவம் மூன்றில் (15 வயது வகுப்பில்) படிக்கும் மகனின் பென்சில் பெட்டியில் கிடைத்ததாகச் சொல்லி, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்தார். இளஞ்சிவப்பு நிறம், கோடு போடும் ஹைலைட்டர் பேனா போன்ற வடிவம், முலாம்பழ வாசனை. அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் 10 மில்லி, 5% என்று அச்சிட்டிருந்தது.

“ஐந்து சதவீதம்தானே சார், மீதி 95 வெறும் வாசனைத் தண்ணீர்தானே?” என்று கேட்டார்.

பழச்சாறு வாங்கிப் பழகியவருக்கு ஐந்து என்பது சிறிய எண்ணாகத்தான் தெரியும். மருந்துக் கணக்கு வேறு. 5% நிகோடின் என்றால் மில்லிக்கு 50 மில்லிகிராம். அந்தப் பேனாவுக்குள் இருந்தது 500 மில்லிகிராம் நிகோடின். ஒரு சிகரெட் புகைப்பவரின் உடலில் சேர்வது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மில்லிகிராம். திரவத்தில் இருப்பது முழுவதும் உடலில் சேராது என்பது உண்மைதான். கழித்துப் பார்த்தாலும் பயமுறுத்தும் அளவு அது. இவ்வளவு செறிவான நிகோடினைப் பழைய வகைத் திரவத்தில் கலந்தால் தொண்டை எரிந்து இருமல் வந்து பையன் தூக்கி எறிந்திருப்பான். அமிலம் சேர்த்து உப்பு வடிவமாக்கிவிட்டதால் எரிச்சல் அடங்கி, இதமாக இறங்குகிறது.

இப்போது வரிக்கு வருவோம். அந்தப் பேனாவுக்கு வரி 4 ரிங்கிட். துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டும் இன்னொரு வாடிக்கையாளர் இருக்கிறார். நாளுக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடித்தவர். வேப்புக்கு மாறி, செறிவைப் படிப்படியாகக் குறைத்து, மில்லிக்கு 3 மில்லிகிராம் வரை இறங்கியிருந்தார். அவர் அப்போது வாங்கியது 60 மில்லி புட்டி. அதில் மொத்த நிகோடின் 180 மில்லிகிராம். வரி 24 ரிங்கிட். மில்லிகிராம் கணக்கில் பார்த்தால், விட முயலும் அந்த மனிதர் பள்ளிப் பையனைவிட 16 மடங்குக்கும் மேல் வரி கட்டினார். “குறைக்கக் குறைக்க எனக்குத்தான் சார் செலவு கூடுகிறது” என்று அவர் சலித்துக்கொண்டதில் மிகையே இல்லை. அப்போது ஒரு சிகரெட்டுக்குக் கலால் வரி 40 சென், ஒரு மில்லி திரவத்துக்கும் 40 சென். எந்த அளவுகோலால் இரண்டையும் சமமாக்கினார்களோ!

வரி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. சிகரெட்டை முற்றாக விட்டு மின்சிகரெட்டுக்கு மாறும் புகைப்பாளருக்குத் தீங்கு குறைகிறது. புகையே தொடாத பிள்ளைக்கு அது புது அடிமைத்தனம். வரி இந்த இருவரையும் பிரித்தறிய வேண்டும். கொள்ளளவை அளக்கும் வரி, நிறைய நிகோடினைக் குறைந்த திரவத்தில் அடைக்கச் சொல்லித் தயாரிப்பாளருக்கு வழிகாட்டுகிறது.

பிரிட்டனில் 2024 மார்ச்சில் நிகோடின் செறிவுக்கேற்ப மூன்று அடுக்கு வரியைத்தான் அறிவித்தார்கள்: 10 மில்லிக்கு 1, 2, 3 பவுண்டு. அக்டோபரில் அதைக் கைவிட்டு, 2026 அக்டோபர் 1 முதல் எல்லாவற்றுக்கும் 2.20 பவுண்டு என்று ஒரே விகிதமாக்கினார்கள். அடுக்கு முறை கடும் புகைப்பாளர்களைத்தான் அதிகம் தாக்கும் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் அங்கே மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கவே முடியாது. கூரை போட்டிருப்பதால் ஒரே விகிதம் அவ்வளவு கெடுதல் செய்யாது. கூரை இல்லாத காலத்தில் ஒரே விகிதத்தைக் கொண்டுவந்ததுதான் இங்கே நடந்த கோளாறு.

முழுத் தடைதான் மருந்து என்பவர்களும் இருக்கிறார்கள். கிளந்தானும் ஜொகூரும் 2015, 2016 வாக்கிலேயே கடைகளில் விற்பனையைத் தடுத்தன. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: 13 முதல் 17 வயதினரிடையே மின்சிகரெட் பயன்பாடு 2017இல் 9.8 சதவீதமாக இருந்து 2022இல் 14.9 சதவீதமாக உயர்ந்தபோது, நிகோடின் நச்சுப் பட்டியலில்தானே இருந்தது? காகிதத்தில் இருந்த தடையை அமல்படுத்த ஆளில்லை. கடைகளைச் சோதிக்க ஆள் போடாமல் இன்னொரு தடை ஆணை வெளியிட்டால் எதிர் வரிசைக் கடையின் பெயர்ப்பலகை மட்டும் மாறும்.

பெற்றோருக்கு: வீட்டில் இப்படி ஒன்று கிடைத்தால் சதவீதத்தைப் பத்தால் பெருக்குங்கள், மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு மருந்தகத்திலோ அரசுச் சுகாதார நிலையத்திலோ பேசுங்கள். திட்டி, பிடுங்கி எறிவதால் பழக்கம் போகாது. பெரியவர்கள் பயன்படுத்தும் வீடாக இருந்தால் புட்டியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பழ வாசனையில் ஏமாந்து சிறு குழந்தை குடித்துவிட்டால் வாந்தி, வியர்வை, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். புட்டியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு செறிவு, எத்தனை மில்லி என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.