‘அபராதம் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சது’ என்று நினைக்கிறவர்களுக்கு

போன தை மாதம், சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். கும்பகோணத்தில் என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மா மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டார். மகன் அரசு வேலை ஒன்றுக்குத் தேர்வாகியிருந்தான். போலீஸ் விசாரணைக்கான படிவம் அது. எல்லாக் கட்டங்களையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தான். கைது, வழக்கு, அபராதம், தண்டனை உண்டா என்று கேட்கும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“இல்லைன்னு எழுதிடலாம்ல சார்? அபராதம்தானே கட்டினேன், ஜெயிலுக்கா போனேன்?”

நான்கு வருடத்துக்கு முன்னால் வாய்க்கால் மடையைத் திறப்பதில் பங்காளிகளுக்குள் தகராறு. இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1); அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்துக் காயப்படுத்தியது, மிரட்டியது. நம் பக்கத்தில் அடிதடி என்றால் இந்த மூன்று பிரிவுகளும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே வரும். (2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296, 115(2), 351(2).) நடவு நேரத்தில் வாய்தாவுக்கு அலைய முடியாமல், யாரோ சொன்னதைக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1,500 ரூபாய் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த ரசீதுக்குச் சட்டத்தில் பெயர் தண்டனைத் தீர்ப்பு. ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாவிட்டாலும் அவன் தண்டிக்கப்பட்டவன்தான். தானே ஒப்புக்கொண்டதால், ‘நான் குற்றவாளி இல்லை’ என்று மேல்முறையீடும் செய்ய முடியாது. தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டுமே எதிர்த்துப் போகலாம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சொல்ல வேண்டிய நாங்கள்தான் சொல்லவில்லை.

அன்றைக்கே வேறு வழி இருந்தது. பங்காளிகளுக்குள் ராஜியானால் 323, 506(1) இரண்டையும் கோர்ட்டிலேயே ராஜியில் முடித்துக்கொள்ளலாம். அது விடுதலைக்குச் சமம். 294(பி) ராஜிப் பட்டியலில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கேட்க வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் என்றால் சென்னை. செலவு உண்டுதான். ஆனால் ஒரு வேலையின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

ராஜிக்கு வழியே இல்லை, சாட்சியும் பலமாக இருக்கிறது, தீர்ப்பு பாதகமாக வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கதவு இருக்கிறது. குற்றவாளி என்று முடிவு செய்த பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்பார். கூண்டில் நிற்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு “குறைஞ்ச தண்டனையா கொடுங்கய்யா” என்பார். கேட்க வேண்டியது அதுவல்ல. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958-இன் கீழ் விடச் சொல்லிக் கேட்க வேண்டும். 3-ஆவது பிரிவில் கண்டித்து அனுப்பலாம். இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களுக்கும் சாதாரணத் திருட்டுக்கும், முன் தண்டனை இல்லாதவருக்கு, அது பொருந்தும். 4-ஆவது பிரிவில் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு மட்டும் அது கிடையாது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால், சிறைக்கு அனுப்பும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பார்த்து, காரணத்தையும் எழுத வேண்டும் என்கிறது 6-ஆவது பிரிவு.

இதில் 12-ஆவது பிரிவு முக்கியம். இப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. ஆனால் குற்றத் தீர்ப்பே அழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை, உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. படிவத்தில் கேட்டால் ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டும்.

சரி, படிவத்துக்கு வருவோம். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாகப் பேசியது. உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை; குற்றத்தின் தன்மையைப் பார்த்து நிர்வாகம் முடிவு செய்யலாம். மறைத்தால் அந்த மறைப்பே வேலையை ரத்து செய்யப் போதும். சின்ன வழக்கு என்றால் நிர்வாகம் மன்னிக்கலாம், ஆனால் அது அவர்கள் விருப்பம். அடிதடி வழக்கில் தப்பித்திருக்கக்கூடிய பையன்கள் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லால் வேலையை இழப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

காவலர் வேலை மட்டும் தனி. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் தகுதியற்றவராகக் கருதலாம் என்கிறது தமிழ்நாட்டு விதி. 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. அந்தக் கனவோடு இருக்கும் பிள்ளைகள் திருவிழாக் கூட்டத்தில் கை ஓங்கும் முன் வீட்டில் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

வெளிநாடு போக நினைக்கிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், தீர்ப்பிலிருந்து ஐந்து வருடத்துக்குள் விண்ணப்பிக்கும் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். அதன் பிறகு அந்தத் தடை பொருந்தாது. 18 வயதுக்குள் நடந்தது என்றால் இன்னும் நல்லது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்கள் போல விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர, மற்றவர்களுக்குத் தகுதியிழப்பே கிடையாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டம், 2015.

சிறைக்குப் போய்த் திரும்பியவர்களுக்குத் தனியார் வேலைதான் பெரும்பாலும் வழி. தண்டனை பெற்றவருக்கு வேலை தரக்கூடாது என்று பொதுவான சட்டம் ஏதும் இல்லை. தடையாக இருப்பது ஊர் வாய்தான். கத்திக்குத்து வழக்கில் திருச்சி மத்திய சிறையில் மூன்று வருடம் இருந்த ஒருவருக்காக, தெரிந்த அரிசி ஆலைக்கு நானே கூடப் போனேன். முதலாளி ஒரே கேள்விதான் கேட்டார். “திருட்டா, அடிதடியா?” தீர்ப்பு நகலைக் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆலைச் சத்தத்துக்கு நடுவே, கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். விரலிலிருந்த உமித்தூசி தாளில் ஒட்டியது. “எங்கிட்ட மறைக்கல இல்ல, அது போதும். நாளைக்குக் களத்துக்கு வரச் சொல்லுங்க.” நெல் கிளறும் வேலையில் சேர்ந்தவர் இப்போது எடைமேடையில் கணக்கு எழுதுகிறார்.

தீர்ப்பு நகலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ஊரில் கொலை என்று பேசுவார்கள், தீர்ப்பில் காயம் என்று இருக்கும். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கூப்பிடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

அந்தப் பையன் ‘ஆம்’ என்றுதான் எழுதினான். தீர்ப்பு நகலையும், மடைத் தகராறு பற்றி ஒரு பக்க விளக்கத்தையும் இணைத்தோம். படிவம் போய் ஆறு வாரம் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை. அதுவரை பக்கத்து ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறான். தபால்காரர் வரும் நேரம் பார்த்து அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம்.