நல்லா இருக்கிற செட்டு ஏன் பேச மாட்டேங்குது?

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை போட்டு இருபது வருடம் ஆகிறது. தண்ணீரில் விழுந்த செட்டு, டிஸ்ப்ளே நொறுங்கிய செட்டு என எது வந்தாலும் கவலைப்பட மாட்டேன். பார்ட்ஸ் மாற்றினால் சரியாகிவிடும். போர்டில் ஒரு குறையும் இல்லாமல் உயிர்விட்ட செட்டைப் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறாது.

2016-ல் அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து சி.டி.எம்.ஏ. என்ற நெட்வொர்க் முறையில் ஓடும் ஒரு செட்டை எடுத்து வைத்து, "டவரே வரல தம்பி, பேட்டரி மாத்திப் பாரு" என்றார். கழற்றிப் பார்த்தேன். பேட்டரிக்கு அடியில் சிம் போடும் இடமே கிடையாது. சேவை கொடுத்த கம்பெனி நம்பரைச் செட்டுக்குள்ளேயே எழுதிக் கொடுத்திருந்தது. சி.டி.எம்.ஏ. சேவையை நிறுத்தியதும் செட்டு ஊமையாகிவிட்டது. சம்பந்தி, மண்டிக்காரர், மாட்டு டாக்டர் எல்லார் நம்பரும் அதற்குள்தான். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் செட்டில் தேடி நோட்டில் எழுதினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவர் என்ன தப்பு செய்தார்? கடையில் விலை மலிவாகக் கிடைத்ததை வாங்கினார், அவ்வளவுதான். ஆனால் செட்டும் டவரும் பேசிக்கொள்ளும் முறையில் ஜி.எஸ்.எம்., சி.டி.எம்.ஏ. என இரண்டு கட்சிகள் இருந்தன, போனோடு சேர்த்து அதில் ஒரு கட்சியையும் வாங்கியிருந்தார். ஐரோப்பிய நாடுகள் கூடி உருவாக்கியது ஜி.எஸ்.எம். அதில் முதல் அழைப்பு 1991 ஜூலை 1-ல் பின்லாந்தில் பேசப்பட்டது. சி.டி.எம்.ஏ.வை செல்போனுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் குவால்காம். அது மட்டமான சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன். பின்னால் வந்த 3ஜி-க்கே அந்த வித்தைதான் அடிப்படை. ஆனால் ஜி.எஸ்.எம். பல நாடுகளில் பரவியது, செட்டு செய்யப் பல கம்பெனிகள் வந்தன, விலை இறங்கியது. சிம்மைக் கழற்றி அடுத்த செட்டில் போட்டுப் பேசலாம் என்ற வசதியும் இருந்தது. நம் ஊரில் ஜெயித்தது அதுதான்.

சாஃப்ட்வேரிலும் இதே கதை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலையை, இங்கிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா, தன் செட்டுகளை ஓட்டிய சிம்பியன் சாஃப்ட்வேரை விட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் பக்கம் போவதாக அறிவித்தது. ஆப் எழுதுபவர்களோ ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும்தான் எழுதினார்கள். ஆப் இல்லாததால் வாங்க ஆள் இல்லை, ஆள் இல்லாததால் ஆப் வரவில்லை. வரி வழக்கும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பரில் ஆலையையே மூடினார்கள். 2019 கடைசியோடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப்பும் நின்றது. கேமரா அருமையான செட்டுகள் அவை. எத்தனையோ பேருக்கு "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

சரி, பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். போன மாதம் காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் செகண்ட் ஹேண்ட் போனோடு வந்தான். "பாக்ஸ்லயே 5ஜி-ன்னு போட்டிருக்குண்ணா, வீட்டுக்குள்ள 4ஜி-தான் காட்டுது." இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபரில். அதற்கு முன்பே '5ஜி' என்று விற்ற மாடல்கள் சிலவற்றில் என்78 என்ற ஒரே ஒரு 5ஜி பேண்டுதான் உண்டு. பேண்டு என்றால் செட்டு பிடிக்கக்கூடிய அலைவரிசை. ஜியோ 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. சுவரைத் தாண்டி வீட்டுக்குள் நன்றாக வருவது அதுதான், அதற்குச் செட்டில் என்28 பேண்டு வேண்டும். பையனின் போனில் அது இல்லை. பேண்டு ஹார்டுவேரோடு வருவது, சாஃப்ட்வேர் போட்டு நான் கொடுக்க முடியாது.

அதனால் வாங்கும் முன் மாடல் பெயரைப் போட்டு பேண்டு பட்டியலைத் தேடிப் பாருங்கள். பழைய போன் என்றால் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய், செக்யூரிட்டி அப்டேட் தேதி என்ன என்று பாருங்கள். இரண்டு, மூன்று வருடம் பின்தங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வெளி மாநிலத்திலிருந்து சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து, பணம் கட்டும் நேரத்தில் ஆப் திறக்காமல் என் கடை வாசலில் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு பழசு என்று பேங்க் ஆப் மறுத்துவிடும். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருடம் அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். விலை குறைந்த செட்டுகளுக்கு அவ்வளவு காலம் வராது. எத்தனை வருடம் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அப்புறம் ஒன்று. உங்கள் போனில் ஒரு ஆப் நிற்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், அந்தத் தேதிக்கு முன்பே சர்வீஸ் கடைக்குப் போய்விடுங்கள். பெரியவரின் செட்டில் திரையாவது எரிந்தது, பார்த்து எழுதிக் கொடுத்தேன். ஆப் திறக்காமல் போன பிறகு அதற்குள் இருக்கும் சாட்டையும் வாய்ஸ் மெசேஜையும் என்னால் எடுத்துத் தர முடியாது.