யூதக் குடும்பப் பெயர்கள் உருவான விதம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயர் இருக்கவில்லை. யாக்கோவின் மகன் ‘மோஷே பென் யாக்கோவ்’ என்றும், அந்த மோஷேயின் மகன் ‘ஆரோன் பென் மோஷே’ என்றும் அழைக்கப்பட்டனர். ஜெபக்கூடத்துக்கும் திருமண ஒப்பந்தத்துக்கும் இந்த முறை போதுமானதாக இருந்தாலும், வரி வசூலிக்கவும் படைக்கு ஆள் சேர்க்கவும் முனைந்த அரசுகளுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787-இல் பிறப்பித்த ஆணை, யூதர்கள் அனைவரும் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் பூண வேண்டும் என்றது. ருஷ்யா 1804-இலும், நெப்போலியனின் பிரான்ஸ் 1808-இலும், பிரஷ்யா 1812-இலும் இதே வகையான சட்டங்களை இயற்றின.

ஆணைக்குப் பணிந்து குறுகிய காலத்தில் சூட்டப்பட்டவை என்பதால், கோல்ட்பெர்க் (பொன்மலை), ரோசென்தால் (ரோஜாப் பள்ளத்தாக்கு) போன்ற அலங்காரப் பெயர்களில் குடும்ப வரலாற்றைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. தொழிற்பெயர்கள் அப்படியல்ல, ஜெர்மன் மொழியின் ஷ்னைடரும் ருஷ்ய மொழியின் போர்ட்னோயும் தையற்காரரையே குறிக்கின்றன. பெலாருஸ் பகுதியில் தாய்வழிப் பெயர்களும் ஏராளம்: ரிவ்காவிலிருந்து ரிவ்கின், சாராவின் செல்லப்பெயரான சோர்க்கேயிலிருந்து சோர்க்கின்.

இவற்றைவிட மிகப் பழையவை கோஹென், லேவி (ஆலயப் பணியாளர் மரபு) என்னும் இரண்டும். விவிலியத்தில் வரும் முதல் தலைமைக் குருவான ஆரோனின் வழிவந்ததாகக் கருதப்படும் குருக்கள் மரபினரே கோஹென்கள். ‘ஹ’ ஒலி இல்லாத ருஷ்ய மொழியில் அப்பெயர் கோகன், ககான் என்று ஆனது. காட்ஸ் என்பதைப் பூனை என்று ஜெர்மன் அகராதியின்படி பொருள்கொள்வோர் உண்டு. ஆனால் அது ‘நீதியுள்ள குரு’ எனப் பொருள்படும் ‘கோஹென் ட்ஸெடெக்’ என்ற எபிரேயத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சுருக்கம்.

குருத்துவம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. ஒய் குரோமோசோமும் அவ்வாறே செல்கிறது. இந்த ஒற்றுமையை வைத்து 1997-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, தங்களைக் குருக்கள் மரபினர் என்று சொல்லிக்கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோம் அடையாளங்கள் ஏனைய யூத ஆண்களுடையவற்றிலிருந்து வேறுபடுவதைக் காட்டியது. ஆய்வாளர்கள் நம்பியது வாய்வழி மரபை, குடும்பப் பெயரை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் கோஹென் என்று பெயருடையோர் எல்லாரும் குருக்களும் அல்லர், ராபபோர்ட் போன்ற வேறு பெயர்களைத் தாங்கிய குருக்கள் குடும்பங்களும் உண்டு.

ஸ்பெயின் யூதர்களுக்கு அரச ஆணை தேவைப்படவில்லை. 1492-இல் நாடு கடத்தப்படுவதற்கு முன்பே அவர்களில் பலர் குடும்பப் பெயர் பூண்டிருந்தனர். டொலேடோ நகரை நினைவூட்டும் டொலேடானோ அவ்வகையைச் சேர்ந்தது.

அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் யூதர்களின் பெயர்களைச் சிதைத்தார்கள் என்று இன்றும் பல குடும்பங்கள் சொல்வதுண்டு. அங்கிருந்த அதிகாரிகளோ, கப்பல் நிறுவனங்கள் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிக் கொடுத்த பயணிகள் பட்டியலைச் சரிபார்த்தவர்கள். பெயர்களைச் சுருக்கியும் மாற்றியும் கொண்டவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் குடியேறிய பின்னர் அக்குடும்பத்தினரே.