மைனர் என்பவர் ‘வயதுக்கு வராதவர்’ அல்லர்

பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றிய நீதிமன்றச் செய்தி எதுவானாலும், ‘மைனர்’ என்ற சட்டச் சொல்லை ‘வயதுக்கு வராத பெண்’ என்று பெயர்த்து எழுதும் வழக்கம் நம் நாளிதழ்களில் இன்னும் ஓயவில்லை. ஒரு பெண் வயதுக்கு வந்தாள் என்றால் பூப்பெய்தினாள் என்பதே தமிழில் பொருள் என்பது, இப்படி எழுதுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பாட்டிமார்களுக்கும் நன்றாகவே தெரியும்.

மைனர் என்பது ‘சிறியவர், குறைந்தவர்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ஆங்கிலேயர் சட்டத்தோடு நம்மிடம் வந்தது. பின்னர் ஊர்ப்பேச்சில் நாற்பது வயதுச் சொகுசுப் பேர்வழியையும் குறித்து, அவர் கழுத்துச் சங்கிலிக்கும் பெயராயிற்று.

சட்டத்தில் அது உடலின் நிலையைக் குறிப்பதே இல்லை. 1875-ஆம் ஆண்டின் இந்திய மெஜாரிட்டி சட்டம் 18 வயதை மைனர் நிலை முடியும் எல்லையாக வைத்தது. ஆனால், நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் அந்த எல்லை 21 ஆனது, 1999-இல் திருத்தப்படும் வரை அப்படியே இருந்தது. ஆகவே ஒரே தெருவில் வாழ்ந்த பத்தொன்பது வயதினர் இருவரில் ஒருவர் மேஜராகவும் மற்றவர் மைனராகவும் இருந்திருக்கக்கூடும். இதில் யார் வயதுக்கு வந்தவர், யார் வராதவர்? ஒப்பந்தம் செய்யவும் சொத்தை விற்கவும் வழக்காடவும் தாமே உரியவரா, அவருக்காக இன்னொருவர் நிற்க வேண்டுமா என்பது மட்டுமே அங்கே கேள்வி.

இந்தத் தவறான தமிழாக்கத்தால் விளையும் கேடு சிறிதன்று. “பெண் வயதுக்கு வந்துவிட்டாளே” என்று சொல்லித்தான் பதினைந்து வயதில் கல்யாணம் பேசுகிறார்கள்; பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வகுத்த எல்லையை, அதே சொல்லால் பெயர்ப்பவர்கள் அந்தப் பேச்சுக்கே வலுச் சேர்க்கிறார்கள். ‘பருவமெய்தாதவர்’ என்பதும் இதே குழியில்தான் விழுகிறது.

‘சிறுமி’ என்று எழுதித் தப்புவோரும் உண்டு. எட்டு வயதுக்கும் பதினேழரை வயதுக்கும் ஒரே சொல்லா? தன் விருப்பத்தை அறிவோடு சொல்லும் வயதில் மைனர் இருந்தால், அவருக்குக் காப்பாளரை நியமிக்கும்போது நீதிமன்றம் அந்த விருப்பத்தைக் கருதலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே சொல்கிறது. பதினெட்டு நிறைய ஏறத்தாழ ஆறு வாரங்களே இருந்த சென்னைக் கல்லூரி மாணவி ஒருவர், தாமே தொலைபேசியில் அழைத்து, தாம் விரும்பியவரைச் சந்தித்து மணந்த வழக்கில், உடன் செல்ல விடுவது வேறு, பெற்றோர் காப்பிலிருந்து கொண்டுபோவது வேறு என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரைக் கடத்தல் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பெற்றோர் உரிமைக்கும் பிள்ளையின் மனத்துக்கும் இடையே நீதிபதிகள் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்த்ததை ‘சிறுமி’ என்ற ஒற்றைச் சொல் அழித்துவிடுகிறது.

என் தேர்வு ‘இளவர்’ என்பதே. முதியவர் போல அமைந்த, ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் பொதுவான சொல். எல்லையை ‘உரிமை வயது’ எனலாம். இலங்கைத் தமிழர் வழங்கும் ‘பராயமடையாதவர்’ வடமொழிப் பிராயத்திலிருந்து வந்ததாயினும், பூப்பின் சாயல் இல்லாததால் நம் நாளிதழ்ச் சொல்லைவிட நேர்மையானது.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் மணமுறிவு வழக்கில் ‘குழந்தையைத் தாயின் காவலில் ஒப்படைத்தது’ என்றும் எழுதுகிறார்கள். காவலில் இருப்பவர் கைதி; தாயிடம் இருக்கும் பிள்ளை அவருடைய பொறுப்பில் வளர்கிறது, அப்படியே எழுதினால் எந்த வாசகருக்கும் விளங்கும்.